பல்லு வழுக்காது தம்பி

கேள்வி: அண்ணே வணக்கம். சிங்கப்பூர்ல கிராஞ்சி பக்கம் சின்னதா நர்சரி வச்சிருக்கேன். என்கிட்ட 2008 மாடல் டீசல் பிக்கப் இருக்கு, மேனுவல் கியர், ஃபோர் வீல் போட பக்கத்துல குட்டி லீவர் இருக்குமே அந்த டைப். காலையில நல்லாத்தான் ஓடுது. மத்தியானம் மண் மூட்டை, தொட்டின்னு ஏத்திக்கிட்டு ரெண்டு மூணு டெலிவரி முடிச்சிட்டு ஃபேக்டரி கட்டடத்து ரேம்ப்ல ஏறினா எஞ்சின் மட்டும் உய்ய்னு கத்துது, வண்டி நகர மாட்டேங்குது. ஃபோர் வீல்ல போட்டாலும் அதே கதை. டமால் டுமீல்னு சத்தம் எதுவும் இல்ல. பட்டறைல கேட்டா டிரான்ஸ்ஃபர் கேஸ் ஸ்லிப் ஆகுது, கியர்பாக்ஸோட சேர்த்து மாத்தணும், 4,000 வெள்ளிங்கிறாங்க. எட்டு மாசம் முன்னாடி கிளட்ச் மாஸ்டர் பம்ப் ஒழுகுச்சுன்னு மாத்தினேன், அதைத் தவிர பெரிய வேலை எதுவும் பண்ணல. சிஓஇ, அதான் வண்டி வச்சிருக்க அனுமதிச் சான்று, 2028 வரைக்கும் இருக்கு. மாத்தலாமா, இல்ல ஸ்க்ராப் போட்டுடலாமா?

பதில்: ரெண்டும் வேணாம், கொஞ்சம் பொறுங்க. டிரான்ஸ்ஃபர் கேஸ்னா கியர்பாக்ஸ்ல இருந்து வர்ற பவரை முன் பின் சக்கரத்துக்குப் பிரிச்சுக் குடுக்கிற பெட்டி. நீங்க சொல்ற டைப் வண்டில அதுக்குள்ள இருக்கிறது பல்லுச் சக்கரமும் செயினும்தான். பல்லு வழுக்காது தம்பி. ஒண்ணு பிடிக்கும், இல்லன்னா உடையும். செயின் நீண்டு போய் பல்லைத் தாண்டுச்சுன்னா கடக் கடக்னு சுத்தியலால அடிக்கிற மாதிரி கேக்கும், அதுவும் பெரும்பாலும் ஃபோர் வீல் போட்டாத்தான். லீவர் அசைக்கிற உள் கவை, அதான் ஃபோர்க், தேஞ்சிருந்தா லீவர் தானா நியூட்ரலுக்குத் துள்ளும். உங்க வண்டி சத்தமே போடாம, வெண்ணெய் மாதிரி வழுக்குதுங்கிறீங்க. அப்படி வழுக்கணும்னா உரசிப் பிடிக்கிற சாமானா இருக்கணும், மேனுவல் வண்டில அது எஞ்சினையும் கியர்பாக்ஸையும் சேர்த்துப் பிரிக்கிற கிளட்ச்தான்.

என் பேச்சையும் அப்படியே நம்ப வேணாம், முள்ளைப் பாருங்க. வழுக்கும்போது எஞ்சின் சுத்துற வேகம் காட்டுற ஆர்பிஎம் முள்ளு ஏறுது, ஸ்பீடு முள்ளு அப்படியே நிக்குதுன்னா கோளாறு முன்னாடி, கிளட்ச் பக்கம். ஸ்பீடு முள்ளும் சேர்ந்து ஏறுது ஆனா வண்டி மட்டும் நகரலன்னா கோளாறு பின்னாடி, டிஃப் (ஆக்ஸில் நடுவுல இருக்கிற பல்லுச் சக்கரப் பெட்டி), ஆக்ஸில் பக்கம், இல்ல டயர் சும்மா சுத்துது. இந்த மாதிரி பழைய பிக்கப் நிறையதுல ஸ்பீடு கணக்கு டிரான்ஸ்ஃபர் கேஸ் வெளிய போற இடத்துல எடுக்கிறதால இந்த வித்தை வேலை செய்யுது.

இன்னொண்ணு, லிம் சூ காங் மாதிரி நேரான காலி ரோட்டுல 50ல போகும்போது அஞ்சாவது கியர் போட்டு ஆக்ஸிலரேட்டரை அழுத்துங்க. நல்ல கிளட்ச்னா வண்டி முக்கி முனகி மெதுவா ஏறும், வழுக்குற கிளட்ச்னா ஆர்பிஎம் சட்டுனு 1,000 தாவிடும். பெரிய கியர்லதான் கிளட்ச்சுக்குப் பாரம் ஜாஸ்தி, சின்ன கியர்ல அது தப்பிச்சிக்கும். நம்ம ஊர்ல உயரமான மலைன்னு சொல்ற புக்கிட் தீமாவே 163 மீட்டர் சொச்சம்தான், மேடே கிடையாது, அதான் இங்க கிளட்ச் போறது லேட்டாத்தான் தெரியுது, ரேம்ப்தான் காட்டிக் குடுக்கும்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். உங்க லெட்டர்ல ரெண்டு வரி என் கண்ணுல பட்டுச்சு, "காலையில நல்லாத்தான் ஓடுது", "மாஸ்டர் பம்ப் மாத்தினேன்". கிளட்ச் பெடலுக்கும், மிதிச்சா கிளட்ச் ஆயிலைத் தள்ளுற மாஸ்டர் பம்ப்புக்கும் நடுவுல ஒரு கம்பி இருக்கு, புஷ் ராட். பெடலை விரலால மெதுவா அமுக்கினா, பம்ப் இறுகுறதுக்கு முன்னாடி கொஞ்சம் லூஸா ஆடணும். புது பம்ப் போடும்போது அந்த ஆட்டம் இல்லாம டைட்டா வச்சிட்டா உள்ள பிஸ்டன் முழுசா திரும்பி வராது, ஆயில் டேங்குக்குத் திரும்புற சின்ன ஓட்டை அடைஞ்சே இருக்கும். காலையில பரவாயில்ல. ஓட ஓட எஞ்சின் சூட்டுல ஆயில் விரியும், போக வழி இல்ல, கிளட்ச்சை விடுவிக்கிற ரிலீஸ் பேரிங்கைத் தள்ளும். அதாவது நீங்க கால் வைக்காமலேயே யாரோ கிளட்ச்சை அரை மிதி மிதிச்சிக்கிட்டே இருக்கிற மாதிரி.

இதுக்கு டெஸ்ட் ரொம்ப சுலபம், காசும் கிடையாது. மத்தியானம் வழுக்க ஆரம்பிச்சதும் ஓரமா நிறுத்தி எஞ்சினை ஆஃப் பண்ணி கைப்பிரேக் போட்டு டயருக்குக் கட்டை குடுங்க. கியர்பாக்ஸ் பக்கத்துல கீழ அந்த ஆயில் வந்து சேர்ற கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டர் இருக்கும், அதுல ஆயில் வெளிய விடற பிளீடர் நிப்பிளை துணி சுத்தி கால் சுத்து திறங்க. பெடலை யாரும் மிதிக்காமலேயே ஆயில் சர்ருனு பீச்சி அடிச்சு, மூடிட்டு ஓட்டினா வழுக்கல் நின்னுடுச்சுன்னா, ஆள் அகப்பட்டுட்டான். புஷ் ராட் நட்டைத் தளர்த்தி ஆட்டம் வச்சா போதும், பத்து நிமிஷ வேலை. ஆயில் கண்ணுல படாம பார்த்துக்குங்க, பெயிண்ட்ல பட்டா உரிச்சிடும்.

பீச்சலன்னா ப்ளேட் தேஞ்சிருக்கலாம், இல்ல ப்ளேட்ல ஆயில் பட்டிருக்கலாம். எஞ்சினும் கியர்பாக்ஸும் சேர்ற இடத்துக்கு அடியில விரல் வச்சுப் பாருங்க. கருப்பா எஞ்சின் ஆயில் இருந்தா ஒழுகுறது எஞ்சின் பின் சீல், கெட்டியா கந்தகம் மாதிரி நாறினா கியர் ஆயில், கியர்பாக்ஸ் முன் சீல். எப்படியும் கியர்பாக்ஸை இறக்கும்போது ப்ளேட், அதை அழுத்திப் பிடிக்கிற கவர், ரிலீஸ் பேரிங் மூணையும் சேர்த்தே மாத்திடுங்க, பேரிங் நல்லாருக்குன்னு விட்டுட்டு மறுபடி இறக்கினவங்க நிறைய பேர். ப்ளேட் உரசுற எஞ்சின் பக்கத்துச் சக்கரம், அதான் ஃப்ளைவீல், அதுல நீல நீலமா சூட்டுத் தழும்பு இருந்தா அதையும் கடைசல் போடச் சொல்லுங்க. எட்டு மாசமா வழுக்கியிருக்குன்னா, ராட் சரி பண்ணாலும் ப்ளேட் கொஞ்சம் கருகித்தான் இருக்கும், அதையும் மனசுல வச்சுக்குங்க.

சரக்கு வண்டிக்கு நம்ம ஊர்ல 20 வருஷம்தான் ஆயுசு, 2028க்கு மேல புதுப்பிக்க முடியாது. அந்த வண்டிக்கு கியர்பாக்ஸுன்னு 4,000 போடறது வீண், கிளட்ச் செட்னா போடலாம். அந்தப் பட்டறைக்காரர் பொய் சொல்றார்னு நான் சொல்லல, ஆனா ஓட்டிப் பார்த்தாரான்னு கேளுங்க.

கேள்வி: என்னோடது ஆட்டோ கியர் ஜீப். காலையில ரிவர்ஸ் போட்டா ரெண்டு மூணு செகண்ட் கழிச்சுத்தான் பிடிக்குது. கியர்பாக்ஸ் போச்சா? – ஈசூன் வாசகி

பதில்: முதல்ல ஆயில் அளவு பாருங்கம்மா. வண்டி சூடா, எஞ்சின் ஓடிக்கிட்டே இருக்கும்போது பார்க்கணும். பார்க்லயா நியூட்ரல்லயாங்கிறது வண்டிக்கு வண்டி மாறும், மேனுவல் புக்ல இருக்கும். குறைஞ்சிருந்தா எங்கயோ ஒழுகுது, அதைக் கண்டுபிடிங்க. டிப் ஸ்டிக்கை வெள்ளை டிஷ்யூல துடைங்க, சிவப்பா இருந்தா நிம்மதி, காப்பி கலர்ல கருகின வாடை வந்தா ஆட்டோ கியர்பாக்ஸுக்குள்ள இருக்கிற கிளட்ச் ப்ளேட் தேயுது. பிரேக்கை மிதிச்சுக்கிட்டு ஆக்ஸிலரேட்டரை முழுசா அழுத்துற ஸ்டால் டெஸ்ட்டை வீட்டுல பண்ணாதீங்க, 5 செகண்டுக்கு மேல போனா நல்ல கியர்பாக்ஸே வெந்துடும்.

கேள்வி: ஃபோர் வீல் துரு பிடிக்கக் கூடாதுன்னு வாரா வாரம் கார்பார்க்ல 4எச் (ஃபோர் வீல்) போட்டு ஓட்டுறேன், திரும்பும்போது டக் டக்னு இழுக்குது. ஏன்? – ஜூரோங் வாசகர்

பதில்: நீங்கதான் இழுக்க வைக்கிறீங்க அண்ணே. வேணுங்கிறப்ப மட்டும் போடுற பார்ட் டைம் ஃபோர் வீல்ல முன் ஆக்ஸிலும் பின் ஆக்ஸிலும் ஒரே வேகத்துல சுத்தும், திரும்பும்போது முன் சக்கரம் கூட தூரம் போகணும், காஞ்ச சிமெண்ட் தரையில டயர் வழுக்க முடியாது, அந்த முறுக்கு எல்லாம் செயின்லயும் ஜாயிண்ட்லயும் ஏறுது. ஓடணும்னா மண்ணுலயோ புல்லுலயோ போடுங்க, அது கிடைக்கலன்னா நேரா மட்டும் கொஞ்ச தூரம் ஓட்டிட்டு 2எச்சுக்கு (டூ வீல் டிரைவ்) வந்துடுங்க. லீவர் மாட்டிக்கிச்சுன்னா இழுத்து மல்லுக்கட்டாம ரெண்டு மீட்டர் ரிவர்ஸ் எடுங்க, தானா விடும்.