ஜர்னலிசம் படிப்பவர் எழுத்தைப் பிடித்துக்கொள்வதா, கேமராவையா?

வகுப்பில் பாதி நேரம் கேமரா, எடிட்டிங்கிலேயே போகிறது, செய்தி எழுதிப் பழகுவது இனியும் தேவையா என்று கேட்டிருக்கிறீர்கள். முதலாமாண்டு என்று நினைக்கிறேன். எழுத்தை விட்டுவிடாதீர்கள்.

நான் மாவட்டச் செய்தி டெஸ்க்கில், அதாவது நிருபர்கள் அனுப்பும் செய்திகளைத் திருத்தும் பிரிவில் இருக்கிறேன். போன கோடையில் பயிற்சிக்கு வந்த தம்பி ஒருவன், காலிக் குடங்களோடு பெண்கள் செய்த சாலை மறியலை எடுத்து வந்தான். அருமையான காட்சிகள். வரிசையாகக் குடங்கள், நகர முடியாமல் நிற்கும் டவுன் பஸ், கோபத்தில் குரல் உடைந்து பேசும் ஒரு பாட்டியின் பைட் (கேமரா முன் பேசிய துண்டு). 'எத்தனை நாளாகத் தண்ணீர் இல்லை? ஏன் வரவில்லை?' என்று கேட்டேன். அவனிடம் பதில் இல்லை. வாய்ஸ் ஓவரில் வரிக்கு வரி 'பொதுமக்கள் கடும் அவதி' மட்டும் இருந்தது.

ஊராட்சி அலுவலகத்துக்கு அவனையே போன் போடச் சொன்னேன். போர் மோட்டார் எரிந்துவிட்டதாம். புது மோட்டார் வந்து இறங்கிவிட்டது, மாட்டத்தான் ஆள் வரவில்லையாம். செய்தியே அதுதானே! மறுநாள் போய், வராந்தாவில் சாக்கு சுற்றிக் கிடந்த அந்த மோட்டாரை எடுத்து வந்தான். மொத்த வீடியோவிலும் நல்ல ஷாட் அதுதான்.

'பழைய ஆள், வீடியோ என்றாலே ஆகாது' என்று யாராவது கமென்ட் போடுவார்கள். நானே செல்போனில் எடுத்து அதிலேயே எடிட் செய்துதான் அனுப்புகிறேன். கேமரா தெரியாதவருக்கு இன்று வேலை கிடைப்பது கஷ்டம், மறுக்கவில்லை. ஆனால் எடிட்டிங் ஆப்பைச் சில வாரங்களில் பழகிவிடலாம். என்ன கேட்க வேண்டும் என்பது எழுதி எழுதி, டெஸ்க்கில் திருத்தம் வாங்கித்தான் வரும். சட்டமும் அப்படித்தான். முகத்தை பிளர் செய்ய எடிட்டிங் வகுப்பில் சொல்லித் தருவார்கள். குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டத்தின் வழக்கில் குழந்தையின் பள்ளி, தெரு, குடும்பம் எதை வைத்தும் அடையாளம் தெரியக் கூடாது என்கிறது அதன் 23ஆவது பிரிவு. அம்மாவின் பைட்டை அப்படியே போட்டால் பிளர் செய்து என்ன பயன்?

அக்டோபர் 2 அன்று ஏதாவது ஒரு கிராம சபைக் கூட்டத்துக்குப் போங்கள். முதலில் 150 வார்த்தைகளில் எழுதுங்கள். அப்புறம் அதையே ஒரு நிமிட வீடியோவாக்குங்கள்.