கோயா ஏன் ஓநாயை வரைந்தார்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

நீங்கள் சொன்னதால் கோயாவின் அச்சோவியங்களைத் தேடிப் பார்த்தேன். ஒரு கேள்வி விடாமல் துரத்துகிறது. அவர் ஸ்பெயினின் அரசவை ஓவியர். ராஜாவிடம் சம்பளம் வாங்கிக்கொண்டே கழுதை, சூனியக்காரி, வௌவால் என்று மூடி மறைத்து வரைகிறார். போர்ப் படங்களைச் சாகும்வரை வெளியிடவே இல்லை. குறியீடு என்பது பயந்தவர்களின் ஒளிவிடம்தானே?

ரா., கும்பகோணம்

அன்புள்ள ரா.,

அவருக்குப் பயம் இருந்தது, அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒளிந்துகொண்டார் என்பதை ஏற்க முடியவில்லை, ஏனென்றால் அந்தக் குறியீடுகள் யாரையும் ஏமாற்றவில்லை. 1799 பிப்ரவரியில் ‘காப்ரிச்சோஸ்’ என்ற அவருடைய அச்சோவியத் தொகுதி விற்பனைக்கு வந்தது. 80 படங்கள், விலை 320 ரியால். எந்தத் தனிமனிதரையும் கேலி செய்யவில்லை என்று விளம்பரத்திலேயே சொல்லியிருந்தார். யார் கேட்டார்கள்? இது இன்னார், அது இன்னார் என்று ஆளாளுக்குக் குறிப்பு எழுதி வைத்தார்கள். விற்றது 27 தொகுதிகள்தான். 1803ல் அச்சடிக்கப் பயன்பட்ட செப்புத் தகடுகளையும் மிச்சமிருந்த பிரதிகளையும் ராஜாவுக்கே கொடுத்துவிட்டார். அப்படிக் கொடுத்தும் தன்மேல் கத்தோலிக்கத் திருச்சபையின் மத விசாரணை மன்றத்தில் புகார் போனது என்று பிற்காலத்தில் ஒரு கடிதத்தில் எழுதுகிறார்.

அந்தத் தொகுதியில் 32ஆம் படத்தை நீங்கள் வேகமாகத் தாண்டிப் போயிருக்கலாம். சிறையில் ஒரு பெண் தனியாக உட்கார்ந்திருக்கிறாள், அவ்வளவுதான். கோயா வழக்கமாக எட்சிங் ஊசியால் கோடு இழுத்துவிட்டு அதன்மேல் அக்வாடின்ட் என்ற நிழல் பூசும் முறையைச் சேர்ப்பார், ஆனால் இதில் கோடே கிடையாது, முழுக்க அக்வாடின்ட். தகட்டில் பிசின் தூளைப் பவுடர் போலத் தூவி, சூடாக்கி ஒட்டவைத்து, அமிலத்தில் இறக்குவார்கள். தூள் துகள்களுக்கு நடுவே அமிலம் அரித்த இடத்தில் பிறகு மை தங்கும். வெள்ளையாக நிற்க வேண்டிய இடத்துக்கு முதலிலேயே வார்னிஷ் பூசிவிட வேண்டும், அப்புறம் இளஞ்சாம்பலுக்கு, அப்புறம் அடுத்ததற்கு என்று ஒவ்வொரு முறையும் பூசிப் பூசி இறக்க, கடைசிவரை அமிலத்தில் கிடந்த பகுதிதான் கறுப்பாகிறது. அவளைச் சுற்றியிருக்கும் அந்த இருட்டு அப்படி வந்தது. அங்கே அரக்கனும் இல்லை, கழுதையும் இல்லை, இருட்டு ஒன்றே குறியீடு.

நீங்கள் சொல்லும் போர்ப் படங்களுக்கு வருகிறேன், என் பதிலே அங்கேதான் இருக்கிறது. நெப்போலியனின் படை ஸ்பெயினுக்குள் புகுந்த போரைப் பற்றி 1810 வாக்கில் தொடங்கிய அந்த வரிசையில் முதல் பெரும்பகுதி துளிகூட மறைவில்லாதது. தூக்கில் தொங்குகிறவன், வெட்டிப்போட்ட உடல், மாட்ரிட் பஞ்சத்தில் செத்தவர்கள். 44ஆம் படத்துக்கு அவர் வைத்த தலைப்பே ‘நான் இதைப் பார்த்தேன்’ என்பதுதான். நேரடியாகச் சொல்லத் தெரியாதவர் இல்லை அவர். 1814ல் ராஜா ஏழாம் பெர்னாண்டோ நெப்போலியனின் பிடியிலிருந்து திரும்பி வந்து, அரச அதிகாரத்துக்கு வரம்பு கட்டிய 1812ன் அரசியல் சட்டத்தை ரத்து செய்து, மத விசாரணை மன்றத்தை மறுபடி கொண்டுவந்த பிறகுதான் இந்த வரிசையில் மிருகங்கள் நுழைகின்றன. பயம் ஒரு காரணம், சரி. ஆனால் ஆணை போட்டு ஒரு நாட்டின் வாயைக் கட்டுவதை எப்படி வரைவீர்கள்? அங்கே ரத்தம் இல்லை, பிணம் இல்லை, காகிதம்தான் இருக்கிறது. 71ஆம் படத்தில் காதுக்குப் பதில் வௌவால் இறக்கை முளைத்த ஒருவன், விரல்களெல்லாம் நகமாக, தடித்த புத்தகத்தில் எழுதிக்கொண்டிருக்கிறான். தலைப்பு ‘பொதுநலனுக்கு எதிராக’. 74ல் ஓநாய் உட்கார்ந்து இறகுப் பேனாவால் எழுதுகிறது, மைக்கூட்டை ஒரு துறவி பிடித்திருக்கிறார், காகிதத்தில் ‘பாவப்பட்ட மனித குலமே, குற்றம் உன்னுடையது’ என்று ஓர் இத்தாலியக் கவிஞரின் வரி. இரண்டிலும் எழுதுகிற கைதான் குற்றவாளி. மேஜையில் உட்கார்ந்து கையெழுத்துப் போடும் கனவானை அப்படியே வரைந்திருந்தால் அது அழகான அரசவை ஓவியமாகியிருக்கும், அவருக்கு நன்றாகக் கைவந்த வேலை அது.

வெளியிடவில்லை என்பது உண்மை. நண்பர் சேயான் பெர்முதேஸுக்குச் சோதனை அச்சுகளைத் தொகுத்து ஒரு பிரதி கொடுத்தார். 1824ல் பிரான்சுக்குப் போய், 1828ல் போர்தோவில் இறந்தார். 1863ல்தான் மாட்ரிட் கலைக் கழகம் 80 படங்களை அச்சிட்டது. வெளியிட வழியில்லை என்று தெரிந்தும் தாமிரத்தில் செதுக்கியவரைக் கோழை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிராடோ அருங்காட்சியகத்தின் தளத்தில் 71ஐயும் 74ஐயும் பெரிதாக்கிப் பாருங்கள், பார்த்துவிட்டும் கருத்து மாறவில்லை என்றால் அவசியம் எழுதுங்கள்.