ஆதித் திருச்சபை நாடகம்: காட்சியை எங்கே அமைப்பது?

வணக்கம். வாலிபர் கூட்ட நாடகத்தில் ஆதிக் கிறிஸ்தவர்கள் ரோமாபுரியின் நிலத்தடிக் கல்லறைகளில் ஒளிந்து ஆராதிப்பதாக நீங்கள் எழுதியதைச் சபை மூப்பர் ஒருவர் மறுத்ததாகக் குறிப்பிட்டிருந்தீர்கள். அவர் சொன்னதே சரி. அவை இறந்தோரை அடக்கம் செய்யவும் நினைவுகூரவும் பயன்பட்ட இடங்கள். வாராந்தர ஆராதனை பெரும்பாலும் வீடுகளிலேயே நடந்தது.

சிரியாவில் ஐபிராத்து நதிக்கரையிலுள்ள பழைய நகரமான தூரா யூரோப்பசில் அப்படியொரு வீடு அகழாய்வில் கிடைத்திருக்கிறது. மூன்றாம் நூற்றாண்டின் முற்பாதியில், இரு அறைகளுக்கு நடுவிலிருந்த சுவரை இடித்துக் கூடமாக்கி, வேறோர் அறையில் ஞானஸ்நானத் தொட்டி கட்டியிருக்கிறார்கள். தொட்டிக்கு மேலே நல்ல மேய்ப்பனும், பக்கச் சுவரில் தன் படுக்கையைத் தூக்கிச் செல்லும் திமிர்வாதக்காரனும் தீட்டப்பட்டிருந்தார்கள். உங்கள் மேடைக்கு இதுவே போதும்.

காட்சியின் உள்ளடக்கத்திற்கு, இன்றைய துருக்கியின் வடபகுதியிலிருந்த பித்தினியா, பொந்து பகுதிகளின் ஆளுநர் பிளினி கி.பி. 112ஆம் ஆண்டளவில் ரோமப் பேரரசர் டிராஜனுக்கு எழுதிய கடிதத்தைப் பாருங்கள். குறித்த நாளில் விடியுமுன் கூடி, கிறிஸ்துவைத் தெய்வமாகப் போற்றி மாறி மாறிப் பாடி, களவும் விபசாரமும் செய்வதில்லை, நம்பி ஒப்படைத்த பொருளை மறுப்பதில்லை என்று உறுதியேற்று, பின்னர் மீண்டும் கூடிச் சாதாரண உணவை உண்டதாக, கிறிஸ்தவர்கள் என்று குற்றஞ்சாட்டப்பட்டு அவரால் விசாரிக்கப்பட்டவர்கள் கூறினர். சபை ஊழியம் செய்த அடிமைப் பெண்கள் இருவரைப் பிளினி சித்திரவதை செய்து விசாரித்ததும் அதிலேயே இருக்கிறது. பெயரறியாத அவ்விருவரையே முதன்மைப் பாத்திரங்களாக்குங்கள். பகைவரே எழுதிவைத்த சாட்சியம் என்பதால் அதன் கனம் பெரிது.