இரண்டாம் நாளே எல்லாம் சொல்லலாமா?

கேள்வி: நிச்சயமான இரண்டாம் நாளே அப்பாவின் கடன், என் பழைய காதல் எல்லாவற்றையும் போனில் அவளிடம் கொட்டிவிட்டேன். இப்போது 'ம்' மட்டும்தான் வருகிறது. தப்பா அக்கா?
- வாசகர், ஈரோடு

பதில்: கடனை மறைக்காததற்குச் சபாஷ் தம்பி. ஒரே மூச்சில் கொட்டியதுதான் சிக்கல். அமெரிக்க உளவியலாளர் ஆர்தர் ஆரன், 1997-இல் வெளியிட்ட ஆய்வில், முன்பின் தெரியாதவர்களை ஜோடியாக உட்காரவைத்து 36 கேள்விகள் கொடுத்தார். 45 நிமிடத்தில் நெருக்கம் கூடியது. ஆனால் லேசான கேள்வியில் தொடங்கி, இருவருமே பதில் சொன்னார்கள். நீங்கள் அந்தப் பெண்ணுக்கு முறையே விடவில்லையே!

என் வீட்டுக்காரர் முதலில் சொன்ன ரகசியம், பிளஸ் டூவில் கணக்கில் ஃபெயிலானது. நானும் பல்லி பயத்தைச் சொன்னேன். கடன் கதை வர ஒரு மாதம் ஆனது. இன்று போன் போட்டு, சின்ன வயதுக் கதை ஏதாவது கேளுங்கள். அப்புறம் குறுக்கே பேசாதீர்கள்.