டைலட்டோமீட்டர் காட்டுவது எதன் விரிவு? – கேள்வி பதில்

கேள்வி: டைலட்டோமீட்டரில் (சூடேறும் பொருள் எவ்வளவு நீள்கிறது என்று அளக்கும் கருவி) எஃகின் விரிவுக் குணகம், டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 12 பங்கு வர வேண்டும், 11.4தான் வருகிறது. 50 மி.மீ. மாதிரி, அதன் நீட்சியைச் சென்சாருக்குக் கடத்துவது சிலிக்கா தண்டு. கருவி பழுதா சார்?

பதில்: பழுதில்லை. திருத்தம் விட்டுப்போயிருக்கிறது. உலைக்குள் மாதிரி மட்டுமா சூடாகிறது? அதைத் தாங்கும் சிலிக்கா குழாயும் கூடவே நீள்கிறது. 100 டிகிரி ஏறினால் உங்கள் எஃகு 60 மைக்ரோமீட்டர் நீளும். அதே நீளச் சிலிக்கா 2.75 நீளும். சென்சாருக்குத் தெரிவது மிச்சமுள்ள 57.25 மட்டுமே. சிலிக்காவின் குணகமான 0.55ஐ உங்கள் 11.4உடன் கூட்டினால் கணக்கு நேராகிவிடும். அதைவிட நல்ல வழி: மதிப்பு தெரிந்த நியம மாதிரியை அதே நீளத்தில், அதே வேகத்தில் ஓட்டித் திருத்த வளைவு எடுப்பது. எஃகில் இது 5 சதவீதப் பிழை. மிகக் குறைவாக விரியும் இரும்பு-நிக்கல் கலவையான இன்வாரில் (குணகம் சுமார் 1.2) பாதி மதிப்பே காணாமல் போய்விடும்.

கேள்வி: அலுமினியம் 600 டிகிரியைத் தாண்டியதும் வளைவு கீழே இறங்குகிறது. சுருங்குகிறதா?

பதில்: இல்லை, இளகிவிட்டது, தண்டு அதை அமுக்குகிறது. ஆறியபின் மைக்ரோமீட்டரால் அளந்து பாருங்கள், நீளம் குறைந்திருக்கும். உருகுநிலை 660. எனவே அமுக்குவிசையைக் குறைத்து, முன்கூட்டியே நிறுத்துங்கள். கார்பன் எஃகு 730ஐ ஒட்டி இறங்கினால் மட்டும் பயப்பட வேண்டாம். படிக அமைப்பு மாறுவதால் வரும் நிஜச் சுருக்கம் அது.

கேள்வி: சூடேறும் வளைவும் ஆறும் வளைவும் ஒன்றின் மேல் ஒன்று பொருந்தவில்லை.

பதில்: வேகம் அதிகம். நிமிடத்துக்கு 3 டிகிரியில் ஓட்டுங்கள். வெப்ப இணை (வெப்பநிலையை அளக்கும் கம்பி) மாதிரியை ஒட்டியே இருக்கட்டும், தொடக் கூடாது. வளைவில் திடீர்த் துள்ளல் இருந்தால் மாதிரியின் முனைகள் இணையாக இல்லை என்று பொருள்.

கேள்வி: சிலிக்கா குழாய் வெள்ளை பூத்துவிட்டது. துடைத்தால் போகவில்லையே?

பதில்: போகாது. விரல் வியர்வையின் சோடியம் பட்ட இடம், அதிகச் சூட்டில் கிறிஸ்டோபலைட் என்ற சிலிக்காப் படிகமாகிவிட்டது. ஆறும்போது 200 சொச்சம் டிகிரியில் அது சட்டென்று சுருங்கி விரிசல் விடும். குழாயை மாற்றுங்கள். இனி கையுறையோடு தொடுங்கள். உலையில் வைக்குமுன் ஆல்கஹாலால் துடையுங்கள்.

கேள்வி: கல்லூரி ஆய்வகத்தில் புல்லிங்கர் கருவி (கம்பியை நீராவியால் சூடாக்கி நீட்சியை அளப்பது). பித்தளைக் கம்பிக்கு ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விடை.

பதில்: நீராவி விடுமுன் கோளமானியின் (நீட்சியை அளக்கும் திருகுக் கருவி) திருகை நன்றாக மேலே ஏற்றினீர்களா? ஏற்றாவிட்டால் நீளும் கம்பி கோளமானியையே தூக்கிவிடும், அது நிற்கும் கண்ணாடித் தட்டும் உடையலாம். வெப்பமானி நிலைத்தபின் திருகை இறக்குங்கள். இரண்டு அளவீடுகள் ஒத்துவரும் வரை தொட்டுத் தொட்டுப் பாருங்கள். 50 செ.மீ. பித்தளை 70 டிகிரிக்கு 0.66 மி.மீ.தான் நீளும். கோளமானியின் மீச்சிற்றளவு (அளக்கக்கூடிய மிகச் சிறிய அளவு) 0.01 மி.மீ. என்றால், ஒரு பிரிவு தவறினாலே 1.5 சதவீதம் போச்சு.