வீடும் மனையும்: காட்டோரம் கட்டுவோர் கேட்ட கேள்விகள்

கேள்வி: ஆஸ்திரேலியாவில், மெல்பர்னுக்கு வெளியே யாரா பள்ளத்தாக்கில் இரண்டு ஏக்கர் மனை வாங்கியிருக்கிறோம். காட்டுத்தீ ஆய்வாளர் 'பிஏஎல்-29' (காட்டுத்தீ தாக்கும் அளவு 29) என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அதைக் குறைக்க வழி உண்டா?

பதில்: பிளான் இன்னும் முடிவாகவில்லை என்றால் உண்டு. அந்த எண் உங்கள் வீட்டுக்குப் போட்ட மார்க் இல்லை. பக்கத்துக் காடு பற்றி எரிந்தால் ஒரு சதுர மீட்டர் சுவரில் எத்தனை கிலோவாட் அனல் அடிக்கும் என்ற கணக்கு. 100 மீட்டருக்குள் என்ன வகை மரஞ்செடி, சுவரிலிருந்து எவ்வளவு தூரம், நிலம் எந்தப் பக்கம் சரிகிறது என்பதை வைத்துப் போடுகிறார்கள்.

காட்டோர வீடுகளுக்கான ஏஎஸ் 3959 என்ற ஆஸ்திரேலியத் தரவிதிப்படி, உங்கள் விக்டோரியா மாநிலத்தில் சமதரைக் காட்டுக்கு 25 மீட்டருக்கு மேல், 35க்குள் வீடு நின்றால் 29. முப்பத்தைந்தைத் தொட்டால் 19, நாற்பத்தெட்டைத் தொட்டால் 12.5. அதாவது வீட்டை உங்கள் மனைக்குள்ளேயே பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளி வைத்தால், கண்ணாடியிலும் கதவிலும் நல்ல தொகை மிச்சம். காடு வீட்டுக்குக் கீழே சரிவில் இருந்தால் கணக்கு மாறும்: 5 பாகை வரையிலான சரிவுக்கே அந்த 25 மீட்டர் 32 ஆகிவிடும். தீ மேடேறும்போது வேகம் பிடிக்கும். பத்துப் பாகைச் சரிவில் அந்த வேகம் ஏறக்குறைய இரு மடங்கு. பள்ளத்தாக்கைப் பார்த்தபடி மேட்டு விளிம்பில் வீடு வைக்க எல்லோருக்கும் ஆசை. அந்த ஆசைதான் இங்கே விலை கூடியது. 12.5க்குக் கீழே கட்ட நினைக்காதீர்கள். தீ அபாயப் பகுதி என்று வரைபடத்தில் குறித்த இடங்களில் கட்டுமானத்துக்கு அதுதான் அடிமட்டம்.

கேள்வி: 29க்கு ஜன்னலில் 5 மில்லிமீட்டர் டஃபன்டு கண்ணாடி (சூடேற்றிக் கடினமாக்கியது), உலோகக் கொசுவலை என்று பில்டர் விலையை ஏற்றுகிறார். தீ வந்தால் வலை என்ன செய்யும்?

பதில்: பில்டர் சொல்வது சரி. தீச்சுவாலை நேராக வந்து தொட்டு எரிந்த வீடுகளைவிட, பறந்து வந்த கங்கு உள்ளே நுழைந்து எரித்த வீடுகளே அதிகம். 2009 பிப்ரவரி 7 அன்று விக்டோரியாவில் மூண்ட தீயில் 173 பேர் மாண்டார்கள், 2,000க்கும் மேற்பட்ட வீடுகள் அழிந்தன. யூகலிப்டஸ் பட்டை நாராகக் கழன்று, எரிந்துகொண்டே காற்றில் கிலோமீட்டர் கணக்கில் போகும்.

சாதாரணக் கண்ணாடியில் அனல் படும்போது நடுப்பகுதி சூடேறி விரியும். சட்டத்துக்குள் செருகியிருக்கும் ஓரமோ சூடேறாமல் இருக்கும். அந்த இழுபறியில் ஓரத்திலிருந்து விரிசல் ஓடி, கண்ணாடி கொட்டிவிடும். பிறகு கங்குக்குத் திறந்த வாசல்தான். டஃபன்டு கண்ணாடி அந்த இழுபறியைத் தாங்கும். இரட்டைக் கண்ணாடி போடுவதானால் வெளிப்பக்கத் தகடு மட்டும் இந்தத் தரத்தில் இருந்தால் போதும். இரண்டுக்கும் விலை சொன்னால் கேள்வி கேளுங்கள்.

வலை, ஜன்னலின் திறக்கும் பகுதிக்கு. கண்ணளவு 2 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. எஃகு, வெண்கலம், அலுமினியம் எதுவானாலும் சரி. கடையில் சுருளாகக் கிடைக்கும் ஃபைபர்கிளாஸ் வலை உருகி ஓட்டையாகிவிடும். வெளிச்சுவர் இணைப்புகளில் 3 மில்லிமீட்டருக்கு மேல் சந்து விடக்கூடாது. வேலை முடிந்ததும் ஏணி போட்டு, தகரக் கூரையின் நெளிவு மழைநீர்க் கட்டரைச் (gutter) சந்திக்கும் இடத்தைப் பாருங்கள். ஒவ்வொரு நெளிவின் அடியிலும் விரல் போகிற அளவு திறப்பு இருக்கும். அதை அடைக்காமல் விட்டுப்போவது சகஜம். கூரையில் எவாபரேட்டிவ் கூலர் (தண்ணீரால் காற்றைக் குளிர்விப்பது) இருந்தால் அதன் திறப்புக்கும் உலோக வலை வேண்டும்.

கேள்வி: தோட்டத்துக்கு வாங்கிய பிளாஸ்டிக் தொட்டியில் 10,000 லிட்டர் பிடிக்கும். தீயணைப்புக் கணக்கில் காட்டலாமா? வாசலுக்கு வரும் பாதை 120 மீட்டர்.

பதில்: காட்டுத்தீ மேலாண்மைப் பகுதிக்குள் (தீ அபாயம் மிகுந்தது என்று தனித் திட்ட விதிகள் வைத்த இடம்) மனை இருந்தால் முடியாது. 1,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைக்கு 10,000 லிட்டர் என்ற அளவு சரி. ஆனால் தொட்டி தரைக்கு மேலே, கான்கிரீட்டிலோ உலோகத்திலோ இருக்க வேண்டும். தரைக்கு மேல் தெரியும் குழாய்களும் துருப்பிடிக்காத உலோகமாக வேண்டும். பிவிசி இளகினால் தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தும் பயனில்லை. தீயணைப்பு வண்டிக்கு 64 மில்லிமீட்டர் வால்வு, அதில் சிஎஃப்ஏ (விக்டோரியாவின் கிராமப்புறத் தீயணைப்புத் துறை) குழாய்க்குப் பொருந்தும் மரை. வண்டி அந்த வால்விலிருந்து 4 மீட்டருக்குள் வந்து நிற்க இடம் வேண்டும். வீட்டார் உபயோகத்துக்குத் தனிக் குழாய்.

பாதை 3.5 மீட்டர் அகலம், இருபுறமும் அரை மீட்டர் இடைவெளி, தலைக்கு மேல் 4 மீட்டருக்குக் கிளை எதுவும் கூடாது. மழையிலும் 15 டன் தாங்க வேண்டும். உங்கள் பாதை 100 மீட்டரைத் தாண்டுவதால் வண்டி திரும்ப வீட்டருகே இடம் விட வேண்டும்: வட்டமானால் ஆரம் 8 மீட்டர். கராஜ் கட்டிய பிறகு இதற்கு இடம் தேடினால் கிடைக்காது.

கேள்வி: சமையலறை ஜன்னலடியில் கறிவேப்பிலை வைக்கலாமா?

பதில்: ஜன்னலிலிருந்து 3 மீட்டருக்குள் 10 சென்டிமீட்டருக்கு மேல் வளரும் செடி கூடாது. நான்கடி தள்ளி வைக்கிறேன் என்றாலும் போதாது. மரக்கிளை எதுவும் கூரைமேல் கவியக் கூடாது. அப்படியே வாசலில் கிடக்கும் தேங்காய் நார் மிதியடியையும் கோடையில் எடுத்து உள்ளே வையுங்கள். மர டெக்கும் சுவரும் சேரும் மூலையில், சருகு ஒதுங்கும் அதே இடத்தில்தான் கங்கும் ஒதுங்கும்.