சென்னை–டொராண்டோ: அந்த 15 மணி நேரக் கணக்கை நம்ப வேண்டாம்

சென்னையிலிருந்து டொராண்டோ எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம் ஆகும், எந்த மாதம் டிக்கெட் மலிவு என்று படிக்க வரும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். நேர்தூரம் ஏறக்குறைய 13,400 கிலோமீட்டர். அதை 900ஆல் வகுத்து 15 மணி நேரம் என்று இணையத்தில் போட்டிருப்பார்கள். அந்தக் கணக்குப்படி யாரும் வந்து இறங்கியதில்லை தம்பி. சென்னையிலிருந்து நேரடி விமானம் கிடையாது. துபாய் வழி என்றால் முதலில் 4 மணி நேரம், அப்புறம் 14 மணி நேரம் ஒரே இருக்கை. லண்டன் வழி என்றால் முதலில் பத்தரை அல்லது பதினொரு மணி நேரம், அதன் பிறகு எட்டு. காத்திருப்பும் சேர்த்து 21, 22 மணி நேரத்தில் வந்துவிட்டால் நல்ல டிக்கெட். 30ஐத் தாண்டுவதும் சகஜம்.

மலிவு மாதத்தை டிராவல் ஏஜெண்டிடம் கேளுங்கள். நான் சொல்ல வந்தது வேறு. வழி முழுவதற்கும் ஒரே டிக்கெட்டாக எடுங்கள். தனித்தனியாக இரண்டு எடுத்தால், முதல் விமானம் தாமதமானதும் இரண்டாவது டிக்கெட் போனது போனதுதான். பெட்டியை எடுத்து மறுபடி போட வேண்டியும் வரும், அதற்கு விமானம் மாறும் நாட்டின் விசாவும் கேட்கலாம். அமெரிக்கா வழி என்றால், விமானம் மாற மட்டும் இறங்கினாலும் விசா வேண்டும். இங்கே டொராண்டோவில் பல வருஷம் இருக்கும் நம்மவர்கள் சிலர் இப்படிப் பிரித்து எடுத்துச் சில ஆயிரம் மிச்சம் பிடித்ததைக் கல்யாண வீடுகளில் பெருமையாகச் சொல்வார்கள். அவர்களுக்கு ஊர் தெரியும், வழி தெரியும். முதல்முறை வரும் பிள்ளைக்கு அந்த யோசனையைச் சொல்லலாமா?

இன்னொன்று, தேதி. 12ஆம் தேதி அதிகாலை 3 மணி விமானம் என்றால் 11ஆம் தேதி இரவே மீனம்பாக்கத்தில் இருக்க வேண்டும். டொராண்டோ நேரம் குளிர்காலத்தில் இந்திய நேரத்துக்குப் பத்தரை மணி நேரம் பின்னால், கோடையில் ஒன்பதரை. அதனால் பெரும்பாலும் அதே தேதியில்தான் இறங்குவீர்கள். வீட்டில் அம்மாவுக்கு இதை முன்பே விளக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் தூங்க மாட்டார்கள்.

மாணவர்களுக்கு ஸ்டடி பெர்மிட்டை, அதாவது கனடாவில் படிப்பதற்கான அனுமதியை, இங்கே இறங்கிய பிறகுதான் கையில் தருவார்கள். பெர்மிட்டுக்கு ஒப்புதல் தந்த கடிதம், கல்லூரியில் இடம் தந்த கடிதம், பணம் இருப்பதற்கான சான்று எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். ஒரு தடிமனான ஜாக்கெட்டும். நான் வந்தது ஜனவரியில். பெட்டிகள் நடுவழியில் நின்றுவிட்டன, ஸ்வெட்டர் அவற்றுக்குள். கவுண்டரில் இருந்தவர் ஒரு படிவத்தை நீட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார், இன்று நினைத்தாலும் கோபம் வருகிறது. இப்போது மைனஸ் பத்தில் டிம் ஹார்ட்டன்ஸுக்கு நடந்தே போய்க் காப்பி வாங்கி வருகிறேன். புதிதாக வந்த பையன்கள் ஐந்து டிகிரிக்கே முகத்தை மூடிக்கொண்டு நடப்பதைப் பார்த்தால் சிரிப்பாக இருக்கும்.

கூட்டிப்போக வருபவரிடம் டெர்மினல் எண்ணைச் சொல்லிவிடுங்கள். டொராண்டோவின் பியர்சன் விமான நிலையத்தில் 1ம் 3ம்தான் உண்டு, 2ஐ இடித்துவிட்டார்கள். யாரும் வரவில்லையா, கவலை வேண்டாம்: நகர மையத்திலுள்ள யூனியன் ஸ்டேஷனுக்கு யுபி எக்ஸ்பிரஸ் ரயிலில் 25 நிமிஷம். என் காலத்தில் அந்த ரயில் கிடையாது. அண்ணனின் நண்பர் ஒரு டெர்மினலில் தேட, நான் இன்னொன்றில் நின்றேன். கைப்பேசியும் இல்லை. பொதுத் தொலைபேசிக்குச் சில்லறை கொடுத்தது யாழ்ப்பாணத்து டாக்ஸிக்கார அண்ணன் ஒருவர். அவர்தான் நண்பரைக் கண்டுபிடிக்கும் வரை கூடவே நின்றார், காசு வாங்கவே இல்லை.